வாசகர் கேள்வி – பதில்: முதல் துப்பாக்கியும் அதற்கு முன் வாங்க வேண்டிய பூட்டும்

வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வாங்குவதைப் பற்றி அமெரிக்காவில் வாழும் தமிழ் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் டாலஸ் நகருக்கு வடக்கே குடியிருக்கிறோம். நானும் கணவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். அடுத்த தெருவில் ஒரு தமிழர் வீட்டில் பட்டப்பகலில் புகுந்து நகைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து துப்பாக்கி வாங்கியே ஆக வேண்டும் என்று கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு 6 வயதில் மகளும் 13 வயதில் மகனும் இருக்கிறார்கள். மாமியார் ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் எங்களுடன் தங்குவது வழக்கம். எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? அதை எங்கே வைக்கலாம்?
— வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். எங்கே, எப்படிப் பூட்டி வைக்கப் போகிறோம் என்பது முடிவாகாத வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது. பெட்டகம் சுவரிலோ தரையிலோ பொருத்தப்பட்டு, அதன் குறியீடு உங்கள் இருவருக்கும் மனப்பாடமான பிறகு கடைக்குப் போங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் அச்சத்தைச் சற்று அளந்து பார்க்க வேண்டும். அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு, 2003 முதல் 2007 வரை நடந்த வீடு புகும் திருட்டுகளை ஆராய்ந்து 2010-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டில் ஆள் இருந்தபோது நடந்தவை ஏறக்குறைய 28 சதவீதம் என்றும், வீட்டார் வன்முறைக்கு ஆளானவை 7 சதவீதம் என்றும் அது கூறுகிறது. உங்கள் அடுத்த தெருவில் நடந்ததைப் போலத் திருடர்கள் பெரும்பாலும் ஆளில்லாத நேரம் பார்த்தே வருகிறார்கள். அந்த நேரத்தில் அலமாரியில் கிடக்கும் துப்பாக்கி உங்களைக் காப்பாற்றாது. நகையோடு சேர்ந்து அதுவும் களவு போய், இன்னொரு குற்றத்துக்குப் பயன்படும். நம்மவர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பதும் பலர் அறிந்த செய்தியே. 2011-க்கும் 2014-க்கும் இடையில், டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் ஆசிய, இந்திய வம்சாவளிக் குடும்பங்களையே குறிவைத்துக் கொள்ளையடித்த ஒரு கும்பல் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டது. ஆகவே தாலிக்கொடியும் அன்றாடம் அணிபவையும் போக மற்ற நகைகளை வங்கி லாக்கருக்கு அனுப்புங்கள். அவற்றுக்குத் தனியாகக் காப்பீடு எடுங்கள். கதவு நிலையில் தாழ்ப்பாள் விழும் தகட்டை மூன்று அங்குலத் திருகாணிகளால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் வரை முடுக்குங்கள். வாசலிலும் கொல்லைப்புறத்திலும் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்குகளைப் போடுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு துப்பாக்கியின் விலையைவிடக் குறைவாகவே ஆகும். இவற்றால் வீட்டில் எவருக்கும் காயம் ஏற்பட வாய்ப்பும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால், அது உங்கள் சட்டபூர்வமான உரிமை. வீட்டுக்குள் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஆனால் 'இருவரும் சேர்ந்து' என்று நான் சொன்னதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவர் மனமில்லாமல் சம்மதித்த வீட்டில், அவர் அதைத் தொடவும் பூட்டைச் சரிபார்க்கவும் தயங்குவார். பாதுகாப்பு முழுவதும் மற்றவருடைய நினைவாற்றலை நம்பியே நிற்கும்.

இனி எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு வருவோம். புதிதாக வாங்குகிறவர்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: பல சிறு குண்டுகளை ஒரே நேரத்தில் வீசும் நீண்ட ஷாட்கன், சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வர், கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கும் 9 மி.மீ. பிஸ்டல். ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓர் அறையின் நீளத்துக்குள் அதன் குண்டுகள் சில அங்குல அகலமே விரியும். குறி தவறினால் அத்தனையும் தவறும். 12 கேஜ் என்ற குழல் அளவுள்ள ஷாட்கன் சுடும்போது தோளில் இடிக்கும் பின்னுதைப்பு மெலிந்த உடல்வாகு உள்ளவர்களைப் பயிற்சிக்கே வராமல் ஓட வைத்துவிடும். அதன் நீளத்துக்கு ஏற்ற, விரைவாகத் திறக்கும் பூட்டுப்பெட்டியும் எளிதில் அமையாது. பல ஷாட்கன்கள் தோட்டா அறையில் தோட்டாவுடன் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடியவை என்பதையும் கடைக்காரர் எப்போதும் சொல்வதில்லை. ரிவால்வரின் அமைப்பு எளிமையானது. உருளையைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் சுடுவதற்கு விரலால் இழுக்கும் அதன் விசை கனமானது; பழகாத கையில் குழல் ஆடிப்போகும்.

நடுத்தர அளவிலோ முழு அளவிலோ உள்ள 9 மி.மீ. பிஸ்டல்தான் உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. பெண்களுக்கு என்று சொல்லிக் கடைகளில் மிகச் சிறிய பிஸ்டல்களை எடுத்து நீட்டுவார்கள். எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும் என்பதால் அவை பிடிக்கக் கடினமானவை; புதியவர்களுக்கு ஏற்றவையே அல்ல. வாங்குவதற்கு முன் சுடுபயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்து, ஒரு பயிற்றுநரின் துணையுடன், இருவரும் சுட்டுப் பாருங்கள். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அறையைக் காலி செய்ய உங்களால் தடுமாறாமல் முடிகிறதா என்பதுதான் முதல் சோதனை. அது முடியாத துப்பாக்கி எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் மரச்சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை அறைந்தவை என்பதை மறந்துவிடாதீர்கள். நம் ஊர்ச் செங்கல் சுவரைப் போல அவை குண்டைத் தாங்காது. பிஸ்டல் குண்டும் ஷாட்கனின் பெரிய குண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட சுவர்களைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். முனை குழிவான தோட்டாக்கள் உடலுக்குள் விரிந்து வேகம் இழப்பதால் தற்காப்புக்கு அவற்றையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் குறி தவறிச் சுவரில் பட்டால் அவையும் துளைத்துக்கொண்டு போகும். எனவே வீட்டு வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, பிள்ளைகளின் படுக்கை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, மாமியார் எங்கே உறங்குகிறார் என்று குறித்துப் பாருங்கள். எந்தத் திசையில் ஒருபோதும் சுடவே கூடாது என்பது அப்போது விளங்கும்.

நள்ளிரவில் சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு வீட்டைத் தேடிக்கொண்டு போகவே கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்த மாமியாரும், சொல்லாமல் வெளியே போய்விட்டுத் திரும்பும் மகனும் இருட்டில் வெறும் உருவமாகத்தான் தெரிவார்கள். எல்லோரும் ஓர் அறைக்குள் சேர்ந்து, கதவைத் தாழிட்டு, 911-ஐ அழைத்து, போலீஸ் வரும் வரை அங்கேயே இருப்பதுதான் திட்டமாக இருக்க வேண்டும். போலீசார் வரும்போது உங்கள் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. கதவைத் தட்டும் அந்நியர் எல்லோரும் ஆபத்தானவர்கள் அல்லர். 1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி, முகவரி தவறி வேறு வீட்டின் மணியை அடித்ததால் சுட்டுக் கொல்லப்பட்டான். 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயது மாணவன் அதே போல வீடு மாறி மணியடித்துச் சுடப்பட்டான். அவன் உயிர் பிழைத்தது பெரும் பேறு.

பூட்டும் முறையைப் பொறுத்தவரை, அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை தெளிவானது: துப்பாக்கி இல்லாத வீடே குழந்தைகளுக்கு மிகவும் பாதுகாப்பானது, இருந்துதான் ஆக வேண்டும் என்றால், தோட்டா நீக்கிப் பூட்டி வைத்து, தோட்டாக்களை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்ட வேண்டும். தற்காப்புப் பயிற்றுநர்கள் பலர், தோட்டாக்களை அடுக்கும் மேகசினை நிரப்பி அதே பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். 13 வயதுப் பையன் வளரும் உங்கள் வீட்டில் நான் மருத்துவர்களின் பக்கமே நிற்கிறேன். 2005-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வும், தோட்டா நீக்குதல், துப்பாக்கியைப் பூட்டுதல், தோட்டாவைத் தனியே வைத்தல், அதையும் பூட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் சிறுவர்களின் துப்பாக்கிக் காயங்களும் தற்கொலைகளும் குறைவதோடு தொடர்புடையது என்று கண்டது. டெக்சஸ் சட்டப்படி, 17 வயதுக்கு உட்பட்டவர் எடுக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு வைப்பது குற்றம்.

பீரோவின் மேல்தட்டு, புடவை அடுக்குக்குள், சாமி அலமாரிக்குப் பின்னால் என்று ஒளித்து வைப்பது பூட்டி வைப்பதாகாது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், துப்பாக்கி இருக்கும் இடம் தங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், தங்களுக்குத் தெரியும் என்று தனியே சொல்லிவிட்டார்கள். பெட்டகத்தின் குறியீடு பிறந்த நாளாகவோ திருமண நாளாகவோ இருக்கக் கூடாது. மாமியாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. சுற்றுலா விசாவில் வருகிறவர் துப்பாக்கியைக் கையாளுவது பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், இது அவருக்கும் பாதுகாப்பு.

கேள்வி: ஆபத்து வரும்போது பூட்டிய பெட்டியைத் திறந்துகொண்டு நிற்க முடியுமா? கைரேகைப் பெட்டி வாங்கினால் இந்தச் சிக்கல் தீருமா?
— வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

பதில்: நல்ல பூட்டுப்பெட்டி, பழகிய கைக்குச் சில வினாடிகளில் திறக்கும். அந்த வினாடிகள் வேறொரு வகையிலும் உதவுகின்றன. உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்தவர் முழு விழிப்புக்கு வரவும், வந்திருப்பது யார் என்று யோசிக்கவும் அந்த இடைவெளி தேவை.

கைரேகைப் பெட்டிகளை நான் எளிதில் பரிந்துரைப்பதில்லை. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஏறக்குறைய 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டகங்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்துகொண்டன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனின் மரணம் தொடர்பான வழக்கும் அந்த அறிவிப்பில் குறிப்பிடப்பட்டிருந்தது. கைரேகைப் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, காலியான பெட்டியில் விரல் வைத்துத் திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். புதிதாக வாங்குவதானால், மின்கலம் தேவையில்லாத, பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டுள்ள கனமான எஃகுப் பெட்டி நல்லது. அதைத் தரையிலோ சுவரின் மரச்சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு போக முடிகிற பெட்டி திருடனுக்கு வசதியானது.

உரிமம் பெற்ற வணிகர்கள் கைத்துப்பாக்கியோடு பூட்டோ பாதுகாப்புக் கருவியோ கொடுத்தாக வேண்டும் என்பது 2005-ல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். பெரும்பாலும் கிடைப்பது துப்பாக்கியின் உள்ளே செலுத்திப் பூட்டும் கம்பி வடப் பூட்டு. பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். தோட்டா நீக்கிய துப்பாக்கிக்குக் கூடுதல் காப்பாக அது நல்லது. கம்பியை வெட்டும் கருவி முன் நிற்காது என்பதால் பெட்டகத்துக்கு மாற்றாகாது. விசைப் பூட்டைத் தோட்டா நிரப்பிய துப்பாக்கியில் ஒருபோதும் மாட்டக் கூடாது. மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். என் மனைவி அமெரிக்கக் குடிமகள். அவர் பெயரில் வாங்கி, நான் பயன்படுத்தலாமா? நண்பர்கள் வார இறுதியில் சுடுபயிற்சிக் கூடத்துக்கு அழைக்கிறார்கள், அதற்காவது போகலாமா?
— வாசகர், ராலே, வட கரோலினா

பதில்: இரண்டும் வேண்டாம். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. வேலைக்கான எச்-1பி, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவருக்கான எஃப்-1, சுற்றுலாவுக்கான பி-2 எல்லாம் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்றாலும், அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்து மூலமான ஆலோசனை பெறுங்கள். உங்களுக்காக மனைவி தன் பெயரில் வாங்கினால் அது பினாமிக் கொள்முதல். 2022-ல் வந்த சட்டம் அதற்குப் பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கிறது. அவர் தனக்காகவே வாங்குவது சட்டபூர்வமானது. ஆனால் பெட்டகத்தின் குறியீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், துப்பாக்கி உங்கள் வசமும் இருந்ததாக வாதிட இடம் உண்டு.

வாடகைத் துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் பிடிப்பதும் சட்டத்தின் பார்வையில் வைத்திருத்தலே. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த ரெஹைஃப் என்ற மாணவர், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு மாணவர் தகுதியை இழந்த பிறகு சுடுபயிற்சிக் கூடத்துக்குப் போனதால் கைதாகி, வழக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது, தடையை நீக்கவில்லை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்த முடியும். ஆண்டுக்கணக்காகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் உங்களைப் போன்றவர்கள் ஒரு மாலைப்பொழுதின் பொழுதுபோக்குக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் வாங்குவதற்கு என்ன நடைமுறை? கிரீன் கார்டு இருந்தால் போதுமா?
— வாசகர், எடிசன்

பதில்: கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். எந்த மாநிலத்திலும் உரிமம் பெற்ற வணிகரிடம் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அதற்கு மேல், நியூ ஜெர்சியில் உங்கள் பகுதிப் போலீஸ் மூலம் கொள்முதலாளர் அடையாள அட்டையும், வாங்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதியும் பெற வேண்டும். உங்களை நன்கு அறிந்த இருவர் சான்று தர வேண்டும். படிவத்தில் கஞ்சாப் பயன்பாடு பற்றி ஒரு கேள்வி உண்டு. மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதை அங்கேயே அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையை மட்டும் எழுதுங்கள். பொய் எழுதுவது தனிக் குற்றம்.

கேள்வி: எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஒரு பிஸ்டல் இருக்கிறது. கல்லூரியிலிருந்து பாதியில் திரும்பி வந்த மகன் அறையைவிட்டே வெளியே வருவதில்லை. பெட்டகத்தின் குறியீடு அவனுக்கும் தெரியும். இதைப் பற்றி யோசிப்பது தேவையில்லாத பயமா?
— தாய், இல்லினாய்

பதில்: தேவையான பயம், அம்மா. இன்றே அந்தத் துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றுங்கள். குறியீட்டை மாற்றுவது, அகற்றும் வரைக்குமான ஏற்பாடு மட்டுமே.

அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொள்பவர்கள். 2021-ல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் அப்படி இறந்தவர்கள். அந்த எண்ணம் பலருக்குச் சிறிது நேரம் உச்சத்தில் நின்று பிறகு தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தைக் கடந்து உயிர் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை என்பது நெடுங்கால ஆய்வுகளின் முடிவு. துப்பாக்கி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அந்த நேரத்தைக் கடக்கும் வாய்ப்பே மிகக் குறைந்துவிடும். துப்பாக்கிக் கடைகள் சிலவும் போலீஸ் நிலையங்கள் சிலவும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. போலீசின் அவசரமல்லாத எண்ணை அழைத்துக் கேளுங்கள். உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைப்பதற்கு இல்லினாயில் அவரிடமும் துப்பாக்கி உரிமையாளர் அட்டை இருக்க வேண்டும்.

பிறகு மகனிடம் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிட மாட்டீர்கள், மனத்தைத் திறக்க அவனுக்கு ஒரு வாசல் கிடைக்கும். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ நாள் முழுவதும் எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். மகன் அழைக்க மறுத்தாலும் நீங்களே அழைத்து வழி கேட்கலாம். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் உங்களைத் தடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்துக்குத் தனியாகவும் மறுமொழி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: மகள் தன் பள்ளித் தோழியின் வீட்டுக்கு விளையாடப் போக அனுமதி கேட்கிறாள். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது மரியாதையாக இருக்குமா?
— வாசகி, ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: தாராளமாகக் கேளுங்கள். நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, வேர்க்கடலை ஒவ்வாமை பற்றித் தெரியுமா என்று கேட்கும்போதே, "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேட்டுவிடலாம். பொறுப்பான உரிமையாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பதில் திருப்தி தராவிட்டால், அந்தத் தோழியை உங்கள் வீட்டுக்கு விளையாட அழையுங்கள்.

கேள்வி: துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தியா போகும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: பையைக் கவனிக்க வேண்டும். சுடுபயிற்சிக்கு எடுத்துப்போன பையிலேயே துணிமணிகளை அடுக்கிக்கொண்டு புறப்படுவதால், ஓரத் தையலிலோ பக்கப் பையிலோ தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலையச் சோதனையில் அகப்பட்டு, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிறது. தோட்டா இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும் வரை விசாரணை, பாஸ்போர்ட் சிக்கல், வழக்கறிஞர் செலவு, தவறிப்போகும் திரும்பும் பயணம் அனைத்தையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். துபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பயிற்சிக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். பயிற்சி முடிந்து வந்ததும் சட்டைப் பை, கால்சட்டையின் மடிப்பு, காரின் இருக்கை இடுக்கு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ஊரில் இருக்கும் நாட்களில் உங்கள் டெக்சஸ் வீட்டுப் பெட்டகத்தின் குறியீட்டை, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நண்பரிடம் கொடுக்காதீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அது தேவைப்படாது.